சாளரத்தின் இடத்தை எழுதி வைப்பது யார்: இயங்குதளமா, நிரலா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியின் இடப்பக்கத்தில் 24 அங்குல மானிட்டர் ஒன்றை டிஸ்ப்ளேபோர்ட் கேபிளால் இணைத்து வைத்திருக்கிறேன். மூலப்படியின் பிடிஎஃப் பெரிய திரையின் ஒரு பாதியிலும், திருத்த வேண்டிய கோப்பு மறு பாதியிலும், அகராதி நிரலும் குறிப்புக் கோப்பும் மடிக்கணினியின் திரையிலுமாகக் காலையில் ஒருமுறை அடுக்கிவிட்டால், பிறகு நாள் முழுவதும் கண் தேடாமலே அந்தந்த இடத்துக்குப் போகும். இந்த ஒழுங்கு குலைந்தால் வேலையின் ஓட்டமே தடைப்படுகிறது என்பதால், சிறிய விஷயமாகத் தோன்றினாலும் இதை விரிவாகக் கேட்கிறேன்.

மதிய உணவுக்குப் போய்த் திரும்பும்போது மானிட்டர் உறக்க நிலையில் இருக்கும். விசையைத் தொட்டு எழுப்பினால், பெரிய திரையில் இருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினியின் சிறிய திரைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. எப்போதும் அல்ல, ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் இப்படி ஆகிறது. அடுத்தது, நெடுங்காலமாக நான் பயன்படுத்தும் பழைய அகராதி நிரல் சில நாட்களில் திறந்தும் திறக்காததுபோல் இருக்கிறது. டாஸ்க்பாரில் அதன் பட்டன் தெரிகிறது, சாளரம் மட்டும் எந்தத் திரையிலும் இல்லை.

வீட்டில் இருப்பது லினக்ஸ் கணினி. அதில் குறிப்பெழுதும் நிரல் ஒன்றின் சாளரம், முன்பெல்லாம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முந்தைய இடத்தைவிடச் சற்றே கீழே இறங்கித் திறக்கும். இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு அது இறங்குவது நின்றது. ஆனால் வைத்த இடத்தில் திறப்பதும் சேர்ந்தே நின்றுவிட்டது.

சாளரத்தின் இடம் எங்கே எழுதி வைக்கப்படுகிறது, எழுதுவது இயங்குதளமா நிரலா, எந்த நேரத்தில் எழுதப்படுகிறது என்பதை அறிய விரும்புகிறேன். விரைவில் புதிய மடிக்கணினிக்கு மாற இருப்பதால், இந்த அமைப்புகளை அப்படியே எடுத்துச் செல்ல வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். விண்டோஸ் நிரல்கள் எழுதுவது என் வேலை என்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சாளரத்தின் இடத்தைக் கணினி பொதுவாக நினைவில் வைக்கிறது என்று பலர் எண்ணுகிறோம். உண்மையில் விண்டோஸில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஒவ்வொரு நிரலுக்கும் உரியது. நிரல் தன் சாளரம் எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்திடம் கேட்டு, கிடைத்த எண்களைத் தனக்கென்று ஓரிடத்தில் எழுதி வைத்து, அடுத்த முறை திறக்கும்போது அவற்றைப் படித்துத் தன் சாளரத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. இதற்காக கெட்விண்டோபிளேஸ்மென்ட், செட்விண்டோபிளேஸ்மென்ட் என்று இரண்டு செயற்கூறுகளை விண்டோஸ் தருகிறது. அவற்றைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாமல் விடுவதும் நிரலை எழுதியவரின் விருப்பம். ஆகவேதான் ஒரே கணினியில் ஒரு நிரல் வைத்த இடத்தில் திறக்கிறது, இன்னொன்று ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் திறக்கிறது.

எழுதி வைக்கும் இடத்துக்கு எளிய எடுத்துக்காட்டு விண்டோஸ் 10இல் உள்ள நோட்பேட். அதன் சாளரத்தின் இடது ஓரம், மேல் ஓரம், அகலம், உயரம் ஆகிய நான்கு எண்களும் ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புத் தரவுக்களஞ்சியத்தில், நடப்புப் பயனருக்குரிய பகுதியில், நோட்பேட் என்ற பெயருள்ள கிளையில் இருக்கும். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து கண்ணாலேயே பார்க்கலாம். (விண்டோஸ் 11இன் புதிய நோட்பேட் தன் அமைப்புகளை வேறிடத்தில் வைக்கிறது.) நடப்புப் பயனருக்குரிய அந்தப் பகுதி முழுவதும் வட்டில் என்டியூசர்.டேட் என்ற மறைகோப்பாக, அவரவர் பயனர் கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே கணினியை இருவர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்தும்போது ஒருவர் அடுக்கியது மற்றவரைப் பாதிக்காமல் இருப்பது இதனால்தான்.

ரெஜிஸ்ட்ரி தொடக்கத்திலிருந்தே இதற்கென்று இருந்ததில்லை. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் அது பெரும்பாலும் கோப்பு வகைகளுக்கும் நிரல்களுக்கும் உள்ள தொடர்பைக் குறித்து வைக்கவே பயன்பட்டது. நிரல்களின் அமைப்புகள் வின்.ஐஎன்ஐ போன்ற சாதாரண உரைக்கோப்புகளில் இருந்தன. விண்டோஸ் 95க்குப் பிறகுதான் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் எழுதுவது வழக்கமானது. தங்களுடைய அகராதி நிரல் பழையது என்கிறீர்கள். அது இன்னும் ஐஎன்ஐ கோப்பில் எழுதிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. அந்தக் கோப்பு நிரல் நிறுவப்பட்ட கோப்புறையில் இல்லையென்றால், பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வரிசையில் உள்ளே போய்ப் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் எழுத முயலும் பழைய நிரல்களை விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இயங்குதளம் சத்தமின்றி அங்கே திருப்பிவிடுகிறது.

எப்போது எழுதப்படுகிறது என்ற கேள்விதான் நடைமுறையில் முக்கியமானது. பெரும்பாலான நிரல்கள் மூடப்படும் நொடியில்தான் எழுதுகின்றன. ஒரு சாளரத்தை நகர்த்திவிட்டு, டாஸ்க் மேனேஜர் வழியாக அந்த நிரலை வலிந்து நிறுத்திப் பாருங்கள். மறுமுறை திறக்கும்போது அது நகர்த்துவதற்கு முந்தைய இடத்திலேயே வரும். மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் இதே கதிதான். ஒரே நிரலை இரண்டு சாளரங்களில் திறந்திருந்தால், கடைசியாக மூடப்பட்ட சாளரத்தின் இடமே அடுத்த நாளுக்கு நிற்கும். காலையில் கவனமாக அடுக்கிய சாளரத்தை மாலையில் முதலில் மூடிவிட்டு, தற்செயலாகத் திறந்த மற்றொன்றைக் கடைசியில் மூடுபவர்கள், மறுநாள் தங்கள் ஒழுங்கு தொலைந்ததாக எண்ணுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கு ஒரு விலக்கு, கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்புளோரர். எந்தக் கோப்புறையை எந்தத் தோற்றத்தில் பார்த்தீர்கள், எப்படி வரிசைப்படுத்தினீர்கள் என்பதை அது ரெஜிஸ்ட்ரியில் பேக்ஸ், பேக்எம்ஆர்யூ என்ற கிளைகளில் கோப்புறைவாரியாகக் குறித்து வைக்கிறது. விஸ்டா முதல் இதன் இயல்பான வரம்பு 5000 கோப்புறைகள். கோப்புறையை அழித்த பிறகும் இந்தக் குறிப்பு நெடுநாள் தங்கிவிடுவதால், கணினித் தடயவியல் துறையினர் ஒரு கணினியில் ஒருகாலத்தில் எந்தெந்தக் கோப்புறைகள் இருந்தன என்று அறிய இதையே தேடிப் படிக்கிறார்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் தங்களுடைய முதல் சிக்கல் அதில் சேராது. மதியம் தாங்கள் எந்த நிரலையும் மூடவில்லை, ஆகவே எந்த நிரலும் எதையும் எழுதவோ படிக்கவோ இல்லை. அங்கே சாளரங்களை நகர்த்தியது இயங்குதளம். அப்படிச் செய்ய அதற்குக் காரணம் தந்தது மானிட்டர்.

டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில், மானிட்டர் இருக்கிறதா இல்லையா என்பதைக் கணினிக்குத் தெரிவிக்கவே தனியாக ஒரு சமிக்ஞைக் கம்பி உண்டு. சில மானிட்டர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது அந்தச் சமிக்ஞையையும் நிறுத்திவிடுகின்றன. கணினியின் பார்வையில் அது யாரோ கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம். இல்லாத திரையில் சாளரத்தை விட்டுவைக்க முடியாது என்பதால், விண்டோஸ் எல்லாவற்றையும் எஞ்சியிருக்கும் திரைக்குக் கொண்டுவருகிறது. தாங்கள் விரைவில் திரும்பிவந்த நாட்களில் மானிட்டர் மேலோட்டமான உறக்கத்தில் இருந்திருக்கும், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. நேரமான நாட்களில்தான் குவியல் ஏற்பட்டிருக்கும். எச்டிஎம்ஐ இணைப்பில் இது குறைவாகத் தெரிவதற்குக் காரணம், பல மானிட்டர்கள் உறங்கும்போதும் தம் அடையாளத்தைக் கணினி படிக்கும்படி விட்டுவைப்பதே.

அடையாளம் என்று நான் சொல்வது ஈடிஐடி எனப்படும் தரவுத்தொகுதியை. அதன் முதல் 128 பைட்டுகளுக்குள் தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, மாதிரி எண், வரிசை எண், ஏற்கும் திரை அளவுகள் ஆகியவை இருக்கும். இன்ன மானிட்டர் இன்ன துளையில் இணைந்திருக்கும்போது திரைகள் இப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று இயங்குதளம் இதை வைத்துத்தான் குறித்துக்கொள்கிறது. அதே மானிட்டரை வேறு துளையில் செருகினால் புதிய மானிட்டர் வந்ததுபோல் அது நடந்துகொள்வதும் உண்டு. ஆகவே கேபிளை எப்போதும் ஒரே துளையில் வையுங்கள்.

தீர்வை இரண்டு இடங்களில் தேட வேண்டும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போனால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும்படி ஒரு தேர்வு இருக்கும். அது குறியிடப்பட்டிருக்க வேண்டும். அதன் அருகிலேயே, மானிட்டர் துண்டிக்கப்பட்டால் அதிலிருந்த சாளரங்களைச் சுருக்கிவிடச் சொல்லும் தேர்வும் இருக்கும். அதையும் குறியிட்டால் குவியல் ஏற்படாது. மானிட்டர் எழுந்ததும் சாளரங்கள் பழைய இடத்துக்குப் போகும். அதோடு, மானிட்டரின் பட்டன்களை அழுத்தி அதன் சொந்தப் பட்டியலைத் திறந்து, ஆழ்ந்த உறக்கம் என்ற பொருளில் ஏதேனும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வழியே உறுதியானது. ஏனெனில் திரை காணாமல் போகவே இல்லையென்றால், திரும்பி வைக்க வேண்டிய தேவையும் எழாது.

காணாமல் போகும் சாளரத்தை மீட்க: ஆல்ட் விசையையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்தி அந்தச் சாளரத்தைத் தேர்ந்துகொண்டு, ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்திய பின் எம் விசையை அழுத்துங்கள். பிறகு ஏதேனும் ஓர் அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், சாளரம் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மானிட்டரின் பட்டியலில் அப்படியோர் அமைப்பு இருந்தது, நிறுத்திவிட்டேன். நான்கு நாட்களாகச் சாளரங்கள் அசையவில்லை.

அகராதி நிரலின் ஐஎன்ஐ கோப்பு, சொன்னபடியே விர்ச்சுவல்ஸ்டோருக்குள் இருந்தது. திறந்து பார்த்தேன். இடது ஓரம் என்ற வரியிலும் மேல் ஓரம் என்ற வரியிலும் -32000 என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது. என் பெரிய மானிட்டர் இடப்பக்கம் இருப்பதால் எண் கழித்தல் குறியோடு வருகிறதோ என்று நினைத்தேன். ஆனாலும் 32000 மிகப் பெரிய எண்ணாக இருக்கிறதே?

மறுமொழி 1 எழுதியவர்

கழித்தல் குறி பற்றித் தாங்கள் நினைத்தது சரியே. விண்டோஸ் முதன்மைத் திரையின் மேல் இடது மூலையைச் சுழியமாகக் கொள்கிறது. அதற்கு இடப்பக்கம் 1920 புள்ளி அகலமுள்ள திரை இருந்தால், அதன் இடது ஓரம் -1920 ஆகும். ஒரே கணினியில் பல மானிட்டர்கள் என்பது விண்டோஸ் 98இல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் சில, கழித்தல் எண்ணைக் கண்டால் பிழை என்று கருதிச் சாளரத்தை முதன்மைத் திரைக்கு இழுத்துவிடுவதும் உண்டு.

ஆனால் -32000 என்பது வேறு. ஒரு சாளரத்தைச் சுருக்கி டாஸ்க்பாருக்கு அனுப்பும்போது, விண்டோஸ் அதை எந்தத் திரையும் எட்டாத தொலைவில், இரு அச்சுகளிலும் -32000 என்ற இடத்தில் நிறுத்தி வைக்கிறது. சுருங்கியிருக்கும் நேரத்தில் இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று நிரல் கேட்டால், கிடைக்கும் விடை அதுவே. தாங்கள் அகராதியைச் சுருக்கி வைத்துவிட்டு, மாலையில் டாஸ்க்பாரில் அதன் பட்டன்மேல் வலச்சொடுக்கு செய்து அங்கிருந்தே மூடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மூடும்போது நிரல் அந்த எண்ணை எழுதிக்கொள்கிறது. மறுநாள் அதை நம்பி அங்கேயே போய்த் திறக்கிறது.

நான் முன்பு குறிப்பிட்ட கெட்விண்டோபிளேஸ்மென்ட்டைப் பயன்படுத்தியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. சாளரம் சுருங்கியிருந்தாலும் முழுத்திரையாக விரிந்திருந்தாலும், இயல்பு நிலையில் அது எங்கே எந்த அளவில் இருக்கும் என்பதை அச்செயற்கூறு தனியாகத் தருகிறது. நிரல் எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். பயனரின் பல மணி நேரத் தேடல் அந்த ஒரே வரியில் மிச்சமாகிறது. தாங்கள் செய்ய வேண்டியது, நிரலை முழுமையாக மூடிவிட்டு, அந்த இரண்டு எண்களையும் 100 என்று மாற்றிச் சேமிப்பது. நிரல் திறந்திருக்கும்போது மாற்றினால், மூடும்போது அது மீண்டும் தன் எண்ணை மேலே எழுதிவிடும்.

மறுமொழி 3

லினக்ஸ் பற்றி யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன். தங்கள் வீட்டுக் கணினியில் நடந்தது, நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் முறை எக்ஸ்11 என்ற பழையதிலிருந்து வேலண்ட் என்ற புதியதுக்கு மாறியதன் விளைவு.

எக்ஸ்11 வெளிவந்தது 1987இல். அதில் நிரல் தனக்கு வேண்டிய இடத்தைக் கோரலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய உதவும் எக்ஸ்டெர்ம் நிரலைத் தொடங்கும்போதே, அகலம் 80 எழுத்து, உயரம் 24 வரி, இடது ஓரத்திலிருந்து 100 புள்ளி, மேலிருந்து 50 புள்ளி என்று கட்டளையில் எழுதிவிடலாம். கோரிக்கையை ஏற்று இடம் தருவது சாளர மேலாளர் என்ற தனி நிரல். இடத்தைக் கேட்டது பயனரா, நிரல் தானாகக் கேட்டதா என்பதைப் பிரித்துக் குறிப்பிடவும் அதில் வசதி இருந்தது. பயனர் கேட்டதற்கு மேலாளர்கள் கூடுதல் மதிப்புத் தந்தன.

சாளரம் கீழே இறங்கிக்கொண்டே போனதும் இந்த இரட்டை ஆட்சியால்தான். தலைப்புப்பட்டை நிரலுக்குச் சொந்தமானதல்ல. அதைச் சுற்றிப் போர்த்துவது சாளர மேலாளர். நிரல் தன் உள்பகுதியின் மூலை எங்கே என்று குறித்து வைக்கிறது. மறுமுறை அந்த எண்ணைக் கொடுத்தால், மேலாளர் தலைப்புப்பட்டையின் மூலையைக் கொண்டுவந்து அங்கே பொருத்துகிறது. உள்பகுதி, பட்டையின் உயரம் அளவுக்குக் கீழே போகிறது. நிரல் அந்தப் புதிய இடத்தைக் குறித்துக்கொள்ள, அடுத்த முறை இன்னும் ஒரு பட்டை உயரம் இறங்குகிறது.

வேலண்டில் நிரலுக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதே சொல்லப்படுவதில்லை. இந்த இடத்தில் வை என்று கேட்கவும் வழியில்லை. அளவையும், முழுத்திரையாக விரிந்திருந்ததா என்பதையும் மட்டும் நிரல் குறித்துக்கொள்ளலாம். தங்களைப்போல் இடத்தை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இதன் பின்னுள்ள எண்ணம் சரியானது என்றே கருதுகிறேன். ஒரு நிரல் தன் சாளரத்தை விரும்பிய இடத்தில் வைக்க முடிந்தால், வங்கிப் பக்கத்தின் கடவுச்சொல் பெட்டிமேல் போலிப் பெட்டியைச் சரியாகப் பொருத்தவும் அதனால் முடியும். மேலும், எந்த மானிட்டர் வந்தது, எது போனது என்பதை நேரடியாக அறிவது இயங்குதளமே. மூடிக்கிடந்த நிரல் நேற்றைய எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய திரைகளைப் பற்றி முடிவெடுப்பதால்தான் தங்கள் அகராதி காணாமல் போனது. குறை என்னவென்றால், அதிகாரத்தை நிரலிடமிருந்து எடுத்துக்கொண்ட மேசைச்சூழல்கள் (லினக்ஸில் சாளரம், பட்டியல், முகப்பு ஆகியவற்றைத் தரும் கேடிஇ, க்னோம் போன்ற தொகுப்புகள்) எல்லாம் பொறுப்பையும் சேர்த்து ஏற்கவில்லை.

கேடிஇ இதில் முந்தி நிற்கிறது. அதில் சாளரத்தின் தலைப்புப்பட்டையில் வலச்சொடுக்கு செய்து, அந்தச் சாளரத்துக்கு மட்டும் உரிய விதியை எழுதலாம். இடம் என்ற பண்பைச் சேர்த்து, நினைவில் வை என்று தேர்ந்தால், நிரல் கேட்காமலே சாளர மேலாளர் அதைப் பார்த்துக்கொள்ளும். க்னோம் பயன்படுத்துவோர் இதற்கென்று ஒரு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவ வேண்டியிருக்கும். உள்நுழையும் திரையில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்து பழைய முறைக்குத் திரும்புவது சில இடங்களில் இன்னும் சாத்தியம்; ஆனால் புதிய பதிப்புகளில் அது நீக்கப்பட்டு வருவதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மறுமொழி 4

புதிய கணினிக்கு மாறுவது பற்றிய கேள்விக்கு யாரும் விடை தரவில்லை. பழைய கணினியின் என்டியூசர்.டேட் கோப்பைத் தூக்கிப் புதியதில் வைக்கலாம் என்று எங்கேனும் படித்தால், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அந்தக் கணினிக்கும் அந்தக் கணக்குக்கும் உரிய எத்தனையோ குறிப்புகள் அதில் கலந்திருப்பதால், புதிய கணக்கே பழுதாகிவிடும். தேவையான நிரலின் கிளையை மட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரிலிருந்து ஏற்றுமதி செய்து, புதிய கணினியில் அந்த நிரலை மூடிய நிலையில் இறக்குமதி செய்யலாம். ஐஎன்ஐ கோப்பானால் நகலெடுத்தாலே போதும். லினக்ஸில் பெரும்பாலான நிரல்களின் அமைப்புகள் வீட்டுக் கோப்புறைக்குள் .கான்ஃபிக் என்ற மறைகோப்புறையில் உரைக்கோப்புகளாக இருக்கும். க்னோமின் அமைப்புகள் மட்டும் டிகான்ஃப் என்ற ஒரே இருமக் கோப்பில் இருப்பதால், அதற்கு டிகான்ஃப் கட்டளையின் டம்ப், லோட் வசதிகளைப் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் எழுத்துருவும் நிறமும் பழக்கங்களும் வருவதுபோல் இடங்கள் சரியாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு பழைய திரையில் 100 சதவீதமாகவும் புதிய திரையில் 150 சதவீதமாகவும் இருந்தால், அதே எண் வேறு இடத்தைச் சுட்டும். மேக் கணினிகளில் நிரல்கள் சாளரத்தின் இடத்தைச் சேமிக்கும்போது எட்டு எண்களை எழுதுகின்றன: முதல் நான்கு சாளரத்துக்கு உரியவை, அடுத்த நான்கு அப்போதிருந்த திரைக்கு உரியவை. திரை மாறியிருந்தால் கணக்கிட்டுப் பொருத்த அது உதவுகிறது. விண்டோஸ் நிரல்கள் பலவற்றில் அந்த இரண்டாவது பாதி எழுதப்படுவதில்லை.

ஆகவே தங்களுக்கு என் பரிந்துரை, விண்டோஸுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்வது. 2024இல் அதில் வொர்க்ஸ்பேசஸ் என்ற கருவி சேர்க்கப்பட்டது. காலையில் அடுக்கும் அந்த நான்கு சாளரங்களையும் புதிய கணினியில் ஒருமுறை சரியாக அடுக்கி, அந்தக் கருவியால் பதிவு செய்து, அதன் குறுவழியை முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைச் சொடுக்கினால், நிரல்களைத் திறந்து அந்தந்த இடத்தில் நிறுத்துவதை அது செய்யும். அகராதியை மட்டும், மூடுவதற்கு முன் ஒருமுறை விரித்துவிட்டு மூடுங்கள்.